'ஒரே பட்டை, ஒரே சாலை': எங்கே இருக்கிறது அந்தச் சாலை?

சீனா வெளிநாட்டில் துறைமுகமோ ரயில்பாதையோ கட்டுகிற செய்தி வந்தாலே 'ஒரே பட்டை, ஒரே சாலை' என்று எழுதிவிடுகிறார்கள். பிற நாடுகளோடு தரையிலும் கடலிலும் வணிக வழிகள் அமைக்கும் சீனத் திட்டத்தின் பழைய ஆங்கிலப் பெயரான 'ஒன் பெல்ட், ஒன் ரோடு' என்பதன் தமிழாக்கம் இது. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இதில் 'ஒரே'வும் தவறு, 'சாலை'யும் தவறு.

சீனத்தில் இது 'யி தாய் யி லு'. யி என்றால் ஒன்று, தாய் என்றால் பட்டை, நீண்டு கிடக்கும் நிலப்பகுதி, லு என்றால் வழி. 2013 செப்டம்பரில் கஜகஸ்தானின் அஸ்தானாவில் சீன அதிபர் ஷி ஜின்பிங் 'பட்டுப்பாதைப் பொருளாதாரப் பட்டை' என்றார், அடுத்த மாதமே இந்தோனேசிய நாடாளுமன்றத்தில் '21ஆம் நூற்றாண்டுக் கடல் பட்டுப்பாதை' என்றார். இரண்டையும் சேர்த்துச் சுருக்கிய பெயர்தான் இது.

இப்போது பாருங்கள், பட்டை என்பது தரை, மத்திய ஆசியா வழியாக ஐரோப்பா வரை போவது. அந்த 'லு' இருக்கிறதே, அதுதான் கடல்! ஆங்கிலத்தில் 'ரோடு' என்று இருப்பதைப் பார்த்து அகராதியைப் புரட்டி 'சாலை' போட்டவர், இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகமும் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகமும் அந்தச் 'சாலை'யில்தான் வருகின்றன என்று யோசித்திருந்தால் கை நின்றிருக்கும். சாலை தரையை விட்டு நகராது. வழி அப்படியல்ல, தரைவழி, கடல்வழி, வான்வழி என்று எதோடும் சேரும். சொல் நம்மிடமே இருக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை.

'ஒரே' இன்னும் மோசம். சீனத்து 'யி' வெறும் 'ஒரு'. தமிழில் 'ஒரே' என்றால் அதைத் தவிர வேறில்லை என்று ஆகிவிடும். ஆனால் தரையில் மட்டுமே ஆறு வழித்தடங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன, சீன அரசே 2015இல் ஆங்கிலப் பெயரிலிருந்து அந்த 'ஒன்'னை எடுத்துவிட்டது, நாம் இன்னும் விடவில்லை. உலகத்தையே ஒரு கயிற்றில் கட்டப் போகிறார்கள் என்ற தொனிக்காகவே சிலர் 'ஒரே'வை விரும்புகிறார்கள் என்று நினைக்கிறேன். அச்சப்பட இடமில்லை என்று நான் சொல்லவில்லை. அம்பாந்தோட்டை 2017இல் சீன நிறுவனத்திடம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது (அதையும் 'விற்றுவிட்டார்கள்' என்றே எழுதினார்கள்; குத்தகைக்கும் விற்பனைக்கும் வித்தியாசம் தெரியாதா?). ஆனால் அந்தத் துறைமுக வேலை தொடங்கியது 2008இல், இந்தப் பெயர் பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே. இத்தாலி இத்திட்டத்தில் 2019இல் சேர்ந்து 2023இல் விலகியும்விட்டது. சந்தேகத்தைக் கடன் கணக்கையும் ஒப்பந்தத்தையும் காட்டி எழுப்புங்கள், பெயருக்குள் திணிக்காதீர்கள்.

வெறும் 'பட்டுப்பாதைத் திட்டம்' என்பதும் சரியில்லை. பழைய வணிகவழிகளுக்கு அந்தப் பெயரைப் பரப்பியவர் 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய நிலவியலாளர் ரிக்தோஃபன். இன்றைய கதையோ கென்யாவின் மொம்பாசா–நைரோபி ரயில், லாவோஸ் ரயில், அவற்றுக்கான கடன். பட்டு எங்கே வந்தது?

'நிலப்பட்டை–கடல்வழித் திட்டம்' என்று எழுதலாம். எது தரை, எது கடல் என்று பெயரிலேயே தெரியும். தலைப்பில் இடம் போதாவிட்டால் 'பட்டையும் வழியும்' போதும். தயவுசெய்து 'பட்டை மற்றும் வழி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தமிழில் 'உம்' இருக்கிறது.