கப்பலை மெதுவாக ஓட்டும் கணக்கு

2008-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. சரக்கு குறைந்துபோன கப்பல் கம்பெனிகள் ஒரு வேலை செய்தன: வேகத்தைக் குறைத்தன. 24, 25 நாட் வேகத்துக்கென்று கட்டிய கன்டெய்னர் கப்பல்கள் 20-க்கும் கீழே இறங்கின. (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர்.)

இதில் என்ன லாபம்? ஒரு நாளில் கப்பல் எரிக்கும் எண்ணெய் ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். 24 நாட்டை 20 ஆக்கினால் வேகம் ஆறில் ஐந்து பங்கு. அந்த ஆறில் ஐந்தை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் 0.58. ஒரு நாள் எண்ணெயில் 42 சதவீதம் மிச்சம். பயணம் 20 சதவீதம் நீள்வதால் அதில் கொஞ்சம் போய்விடும்; அப்படியும் முழுப் பயணத்தில் 31 சதவீதம் கையில் நிற்கும். புகையும் அதே அளவு குறையும்.

சரி, வாராவாரம் ஒரு கப்பல் வந்தாக வேண்டுமே? துறைமுகத்தில் நிற்கும் நேரத்தை விட்டுவிட்டால், 10 கப்பல் ஓடிய வழித்தடத்துக்கு இப்போது 12 வேண்டும். 12 ஓடினாலும் மொத்த எண்ணெயில் 31 சதவீதம் குறைவுதான். அன்றைக்கு வேலையில்லாமல் நின்ற கப்பல்களுக்கோ பஞ்சமே இல்லை.

அதற்காக ஊர்ந்தும் போக முடியாது. ஒவ்வொரு நாளுக்கும் வாடகை, சம்பளம், சரக்கில் முடங்கிய பணத்துக்கு வட்டி. வேகம் கூடினால் எண்ணெய்ச் செலவு ஏறும், நேரச் செலவு இறங்கும். இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவாகும் வேகத்தைத் தேடுவதுதான் உகப்பாக்கம். நுண்கணிதம் தரும் விடை சுவாரசியமானது: எண்ணெய் விலை இரட்டித்தால் உகந்த வேகம் 21 சதவீதம் குறையும். கார்பன் வரி போட்டாலும் இதே விளைவுதான். ஆனால் சரக்குக் கட்டணம் எகிறினால் ஒவ்வொரு நாளின் மதிப்பும் ஏறும்; அப்போது அதே சூத்திரம் ‘விரட்டு’ என்று சொல்லும். சூத்திரத்துக்குச் சுற்றுச்சூழல் மேல் தனிப் பாசமெல்லாம் கிடையாது.

இன்னொன்று, சீரான வேகமே சிக்கனம். 2,000 கடல் மைலில் பாதியை 24 நாட்டிலும் மீதியை 16 நாட்டிலும் கடந்தால் சராசரி 19.2. முழுத் தூரத்தையும் 19.2-லேயே ஓடியிருந்தால் நேரம் அதேதான். எண்ணெய்? முதல் வழியில் 13 சதவீதம் கூடுதல்.

இவ்வளவு தெரிந்தும் பல கப்பல்கள் விரைந்து வந்து, நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கின்றன. மாலுமிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. முதலில் வந்தவருக்கே முதலிடம் என்று துறைமுகமும், தாமதிக்காமல் போ என்று ஒப்பந்தமும் சொன்னால் யார்தான் மெதுவாக ஓட்டுவார்? ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நிலக்கரித் துறைமுகம் இந்த விதியையே மாற்றியது. கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே அதன் முறை குறிக்கப்படுகிறது; மெதுவாக வந்தாலும் இடம் பறிபோகாது.