பழைய வீட்டில் ஏசி பூட்டுவதற்கு உண்மையில் எவ்வளவு செலவாகும்?

வெக்கையான கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் ஏசி பூட்டும் எங்கள் வேலைக்கு ஓய்வில்லை. வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரித்தான் இருக்கும். "தம்பி, ஏசி எடுத்தாச்சு. எப்ப வந்து பூட்டித் தருவீங்க?" அண்மையில் கட்டிய வீடென்றால் அரை நாளில் முடித்துக் கொடுத்துவிடலாம். ஆனால் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் புளியந்தீவு, ஆரையம்பதி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று எங்கே போனாலும் நாற்பது ஐம்பது வருடப் பழைய வீடுகள் நிறைய இருக்கின்றன. அப்படியான வீடென்றால் பெட்டியைப் பிரிக்க வேண்டாம், முதலில் வந்து வீட்டைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிடுவேன்.

12,000 பீ.டி.யூ (குளிரூட்டும் வலுவின் அளவு) இன்வேர்ட்டர் ஏசி, அதாவது தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தை மாற்றும் ஏசி, இப்போது மொடலைப் பொறுத்து இரண்டு லட்சம் ரூபாயை ஒட்டிப் போகிறது. "ஃபிட்டிங் இலவசம்" என்றும் எழுதியிருப்பார்கள். அந்த இலவசத்துக்குள் பெரும்பாலும் பத்தடி கொப்பர் பைப்பும், வெளியே வைக்கும் பெட்டியான அவுட்டோரைத் தாங்கும் பிராக்கெட்டும், பூட்டும் கூலியும் மட்டுந்தான் வரும். சீலிங், மெயின் போர்டிலிருந்து தனி வயர், பிரேக்கர், நிலத்துக்குப் போகும் ஏர்த் கம்பி, மேசன் வேலை எதுவும் அதில் அடங்காது. பழைய வீட்டில் செலவு ஏறுவது இந்த இடங்களில்தான். வெளிநாட்டிலிருக்கும் மகன் அம்மாவுக்கென்று ஏசிக்கு மட்டும் கணக்குப் பார்த்துக் காசு அனுப்பியிருப்பார். மற்றச் செலவைக் கேட்டதும் அந்த அம்மாவின் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். கடைக்குப் போவதற்கு முன்பே இந்தக் கணக்கு அவர்கள் கையில் இருந்திருக்க வேண்டும்.

செலவில் பெரிய பங்கு கூரைக்குப் போகும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் வெக்கையைத் தாங்குவதற்காகவே அப்படிக் கட்டப்பட்டவை. உயரமான ஓட்டுக்கூரை, சீலிங் கிடையாது, அறைச்சுவர் கூரையைத் தொடாமல் பாதியில் நிற்கும், ஜன்னலுக்கு மேலே காற்றுத் துளைகள் இருக்கும். சூடான காற்று மேலே ஏறி ஓட்டு இடுக்கு வழியாக வெளியே போய்விடும். மின்விசிறி கூட இல்லாத காலத்தில் அது அருமையான ஏற்பாடு. ஆனால் ஏசிக்கு இதே அமைப்பு ஓட்டைக் குடம் மாதிரி, எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. கூரை திறந்த அறையில் 18,000 பீ.டி.யூ போட்டால்கூட இரவு முழுக்க மோட்டார் நிற்காமல் ஓடும், அறை குளிராது. அதே பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு ஒன்பதடியில் சீலிங் அடித்து, சுவருக்கு மேலுள்ள வெளியையும் துளைகளையும் அடைத்தால் 9,000 போதும். சீலிங்குக்குச் செலவழிக்கும் காசில் ஒரு பகுதி சின்ன ஏசி எடுப்பதில் அங்கேயே திரும்பி வந்துவிடும். மிச்சம் மாதாமாதம் கரண்ட் பில்லில் வரும். ஓடாவியைக் கூப்பிடும்போதே சீலிங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும் ஃபொயில் விரிக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் காற்றுப் போக வழியும் விடச் சொல்லுங்கள்.

சில வீடுகளில் இந்த வேலை முடிந்த பிறகு "இனி ஏசி வேண்டாம் தம்பி, ஃபேனே போதும்" என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஒரு வேலை போனாலும் அவர்களின் இரண்டு லட்சம் மிஞ்சியது நல்ல விசயந்தான்.

அஸ்பெஸ்டஸ் சீட்டால் கூரையோ சீலிங்கோ போட்ட வீடுகளில் ஒரு விசயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அந்தச் சீட்டை கிரைண்டரால் வெட்டவோ காய்ந்த நிலையில் துளைக்கவோ கூடாது. பறக்கும் தூசியிலுள்ள நார் நுரையீரலில் தங்கினால், பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். பைப்பைச் சுவர் வழியாகக் கொண்டுபோனால் சீட்டைத் தொடவே தேவையில்லை. அதனால் இன்னும் நாலைந்து அடி கொப்பர் போகும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தக் காசைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

அடுத்தது வயரிங். இந்த மாவட்டங்களில் அதிகமான வீடுகளுக்கு ஒற்றை ஃபேஸ் 30 ஆம்பியர் இணைப்புத்தான். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 6,900 வாட் வரும். 12,000 பீ.டி.யூ ஏசி ஒன்று முழு வேகத்திலும் ஏறக்குறைய 1,000 வாட்தான் இழுக்கும் என்பதால் வெளியிலிருந்து வரும் கரண்ட் தாராளமாகப் போதும். பிரச்சினை வீட்டுக்குள்ளே இருக்கிறது. பல்புக்கென்று இழுத்த மெல்லிய 1/1.13 வயரிலிருந்து (1.13 மில்லிமீற்றர் இழை ஒன்று) யாரோ ஒரு காலத்தில் ஒரு பிளக் பொயின்ட் எடுத்திருப்பார்கள். அதே பொயின்ட்டில் ஏசியையும் குத்தச் சொல்வார்கள். முதல் வாரம் எதுவும் தெரியாது. இரவிரவாக ஓட ஓட பிளக் சூடாகி, பிளாஸ்டிக் இளகி, சுவர் கறுக்கும். மரச்சட்டத்தில் அடித்த பழைய வயரிங்கில் இப்படி நடந்தால் தீ கூரைவரை போக வழி இருக்கிறது. மெயின் போர்டிலிருந்து ஏசிக்கென்று தனி லைன் வேண்டும். 12,000க்கு 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் இழை ஏழு), 18,000க்கும் அதற்கு மேலேயும் 7/0.85, அதற்கென்று தனி பிரேக்கர். எவ்வளவு சொல்லியும் தனி லைன் வேண்டாம் என்பவர்களுக்கு நான் ஏசி பூட்டிக் கொடுப்பதில்லை.

ஏர்த்தைப் பழைய வீடுகளில் யாரும் பார்ப்பதே இல்லை. எங்கள் கரையோரம் மணல் நிலம். காய்ந்த மணல் கரண்டை நன்றாகக் கடத்தாது. எப்போதோ அடித்த கம்பி உப்புப் பிடித்து நிலத்துக்குள்ளேயே கரைந்து போயிருக்கும். ஏர்த் இல்லாவிட்டாலும் ஏசி ஓடும். ஆனால் கரண்ட் கசியும் நாளில் அவுட்டோரைத் தொடுகிற ஆளின் உயிர்தான் ஆபத்தில் இருக்கும். ஈரமண் வரும்வரை ஆழமாகப் புதிய கம்பி அடித்து, கரண்ட் கசிந்தால் தானே அணையும் 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்சும் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஏசியைப் போட வேண்டும்.

அவுட்டோரை எங்கே வைப்பது என்பதிலும் காசு இருக்கிறது. அதன் எடை 25 கிலோவுக்கு மேலும் போகலாம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவரில் போல்ட் இறுகாது. அதிர்வில் நாளாக நாளாகச் சாந்து உதிரும். நிலத்தில் மேடை கட்டி வைப்பதே நல்லது. அப்படியென்றால் 2011 ஜனவரி வெள்ளம் உங்கள் வளவில் எவ்வளவு உயரம் ஏறியது என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள். அதற்கு மேலே வரும்படி மேடையைக் கட்டுங்கள். அறைக்குள் இருக்கும் இன்டோரிலிருந்து வடியும் தண்ணீர்க் குழாய்க்கும் சரிவு விட வேண்டும். எங்கள் ஈரக் காற்றில் ஓரிரவில் ஒரு வாளி தண்ணீர் வடியும். அது சுண்ணாம்புச் சுவரில் ஊறினால் பூச்சு கழன்று விழும்.

பூட்ட வருபவர் வேக்குவம் பம்ப் கொண்டு வருகிறாரா என்று பாருங்கள். பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் அதனால்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். காஸைக் கொஞ்சம் திறந்து காற்றைத் தள்ளிவிட்டால் சரி என்பவரை நம்ப வேண்டாம். இன்று வரும் பல ஏசிகளில் குளிரூட்டும் காஸாக இருப்பது ஆர்-32. அது தீப்பிடிக்கக்கூடிய காஸ். குறைந்த விலைக்கு வரும் பழைய ஏசிகளில் ஆர்-22 இருந்தால் விட்டுவிடுங்கள். ஓசோன் படையைக் காக்கும் மொன்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2030 ஆகும்போது அந்தக் காஸின் பாவனை ஏறக்குறைய முடிந்துவிட வேண்டும்.

கனடாவிலுள்ள உறவுகள் சூடும் குளிரும் தரும் ஹீட் பம்பையே எடுக்கச் சொல்வார்கள். அங்கே பழைய வீடுகளுக்கு அது மிகப் பொருத்தம். மார்கழி இரவிலும் வழமையாக 20 பாகைக்குக் கீழே இறங்காத மட்டக்களப்பில் அதற்கென்று மேலதிகமாகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

கரண்ட் பில்லையும் முதலிலேயே பாருங்கள். அடைத்த அறையில் 12,000 இன்வேர்ட்டர் எட்டு மணித்தியாலம் ஓடினால் இரவுக்கு நாலு யூனிட் அளவு போகும், மாதத்துக்கு 120. இப்போது 90 யூனிட் பாவிக்கும் வீடு 210க்கு ஏறும். 180ஐத் தாண்டும் யூனிட்டுகளுக்கு ஆகக் கூடிய விலை, நிலையான கட்டணமும் அதோடு கூடும். அறை சரியாக அடைபடாவிட்டால் இந்தக் கணக்கு இரண்டு மடங்காகலாம்.

கல்லடி, நாவலடி, கல்முனை, சாய்ந்தமருது என்று கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் உப்பையும் சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டும். அவுட்டோரின் அலுமினியத் தகடுகள் உப்புக் காற்றில் வெள்ளையாகப் பொரிந்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வரும். பூச்சுள்ள தகடு இருக்கும் மொடலை எடுங்கள். கடல் காற்று நேரே அடிக்காத பக்கம் வையுங்கள். போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். மாதம் ஒரு தடவை பிரேக்கரை அணைத்துவிட்டு, ஹோஸ் பைப்பால் மெதுவாகக் கழுவுங்கள். பலமாக அடித்தால் தகடு மடங்கும். கடலோரத்தில் சில கிணறுகளில் தண்ணீர் உவர். அப்படியென்றால் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள்.