ஃபியூஷன்: கலப்பா, இணைவா?

'ஃபியூஷன் வந்துதான் ஜாஸைக் கெடுத்தது' என்று வருந்துகிறவர்கள் இன்றும் உண்டு. ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை; அதோடு ராக் போன்ற பிற இசைகளைச் சேர்த்ததே ஃபியூஷன். சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே அந்த வழக்கு பாதி தீரும்.

இலத்தீனில் 'ஃபுண்டெரே' என்றால் ஊற்றுதல், உருக்கி வார்த்தல். அதன் வழிவந்ததே ஃபியூஷன். 1960களின் இறுதியில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் போன்றோர் ஜாஸோடு ராக் தாளத்தையும் மின்கருவிகளையும் சேர்த்தபோது 'ஜாஸ்-ராக்' என்றார்கள்; ஃபியூஷன் என்ற பெயர் 1970களில் நிலைபெற்றது.

இதைத் தமிழில் 'கலப்பிசை' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கலப்பு என்றதும் பாலில் தண்ணீர் ஊற்றிய நினைப்பு வந்துவிடுகிறது. தீர்ப்பைப் பெயரிலேயே எழுதிவிடுகிறோம். பள்ளிப் பாடநூலில் 'அணுக்கரு இணைவு' என்று படித்தோமே, அந்த வழியில் 'இணைவிசை' என்பதே சரி.

எதிர்த்தரப்பில் நிற்கும் 'அக்கூஸ்டிக் ஜாஸ்', அதாவது மின்கருவி இல்லாத பழைய ஜாஸ், பின்னால் வந்த பெயர். எள்ளின் நெய்தான் எண்ணெய். கடலை, தேங்காய் என்று எல்லாம் எண்ணெய் ஆனபிறகு பழையதை 'நல்லெண்ணெய்' என்று தனித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. இதுவும் அப்படித்தான். தமிழில் 'மின்சாரமில்லாக் கருவியிசை' எனலாம்.

இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். ஃபெண்டர் ரோட்ஸ் மின்பியானோவில் தந்தி கிடையாது. சிறு சுத்தியல் மெல்லிய உலோகக் கோலைத் தட்டும். பக்கத்திலுள்ள காந்தச்சுருள் அந்த அதிர்வை மின் அலையாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். அந்த முழக்கத்தில் டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்திக் கருவியின் மரவயிறு எழுப்பும் கார்வை அமுங்கிப்போகும். பல குழுக்களில் அதன் இடத்துக்கு பேஸ் கிதார் வந்தது. அந்தக் கார்வைக்காக ஏங்குவது நியாயமே.

ஆனால் மின்கருவிகளுக்குப் போனவர்கள் திரும்பியும் வந்தார்கள். 1973இல் 'ஹெட் ஹண்டர்ஸ்' என்ற ஃபியூஷன் இசைத்தொகுப்பைத் தந்த பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக், பின்னர் வி.எஸ்.ஓ.பி. என்ற ஜாஸ் குழுவோடு மறுபடி சாதாரணப் பியானோவில் உட்கார்ந்தார். மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஃபியூஷன் குழுவில் மின்கிதாரை அதிரவிட்ட ஜான் மெக்லாஃப்லின், 'சக்தி' குழுவில் மின்சாரமில்லாக் கிதாரை எடுத்தார். உடன் எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம். அதுவும் ஃபியூஷன்தான். கெடுதல் என்று நாம் சுட்டுவது மின்சாரத்தின் சத்தத்தை. பழியைச் சுமப்பதோ இணைவு. சுட்ட மண்பானையும் மரக்கிதாரும் சேர்ந்த அந்த இசையை எந்தப் பக்கம் வைப்பது?