அறுநூறு ரூபாய் ஒயின் என்ன பாவம் செய்தது?

போன திங்கட்கிழமை காலை பெங்களூரு மாரத்தஹள்ளியிலிருந்து ஒரு போன். எடை குறைக்க என்னிடம் வரும் மதுரைத் தம்பி. குரலே எழும்பவில்லை. "மேடம், மலிவு ஒயின் பக்கமே இனி தலைவைத்துப் படுக்க மாட்டேன். ராத்திரி பூரா வாந்தி."

என்ன சாப்பிட்டீர்கள் என்றேன். சனிக்கிழமை இரவு நண்பர்களுக்காக ஒரு கிலோ பாஸ்தா வேகவைத்திருக்கிறார். பாதி மிஞ்சிவிட்டது. குண்டானை மூடி அடுப்பு மேலேயே விட்டுவிட்டார். ஞாயிறு இரவு அதைத் தீர்க்க ஒரு கேசரோல்: கேரட் பீன்ஸ் பொரியல், தக்காளித் தொக்கு, மைதாவும் பாலும் கிளறிய வெள்ளை சாஸ், மேலே சீஸ், காய்ந்த பிரெட் தூள். ஓடிஜி என்ற சின்ன மின்சார ஓவனில் 200 டிகிரி, 25 நிமிடம். படமும் வந்தது. சீஸ் கொப்பளித்து, ஓரம் லேசாகக் கருகி... எனக்கே நாக்கு ஊறியது. துணைக்கு அறுநூறு ரூபாய் ஒயின், இரண்டு கிளாஸ். மூன்று மணி நேரத்தில் வாந்தி.

"ரூம்மேட் எப்படி இருக்கார்?"

"அவன் குடிக்கவே மாட்டான் மேடம். ஆனா அவனுக்கும் வாந்தி."

அப்புறம் ஒயினை எதற்குத் திட்டுவது? என் சந்தேகம் முழுக்க அந்தக் குண்டான் மேல்தான். சாதம், பாஸ்தா போன்ற மாவுப் பண்டங்களில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். கொதிநீரிலும் அவை சாவதில்லை. வெந்தது வெளியில் ஆறிக் கிடந்தால் முளைத்துப் பெருகி, செரியூலைடு என்ற நஞ்சை உண்டாக்கும். 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. ஓவனில் மேலே சீஸ் பொரியும்போதும் உள்ளே அது அப்படியேதான் இருக்கும். கெட்ட வாடையும் வராது.

"பெங்களூரு குளிர்தானே மேடம், சென்னை மாதிரியா?" என்று பலரும் கேட்கிறார்கள். டிசம்பரில் தயிர் உறைய அடம்பிடிக்கும் ஊர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2008 அக்டோபரில் இருபது வயது மாணவர் ஒருவர் ஐந்து நாள் வெளியில் கிடந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்டு இறந்தது பிரஸ்ஸல்ஸில். அது நம் ஊரைவிடக் குளிர்ந்த ஊர். பெரும்பாலானவர்களுக்கு ஒரே நாளில் சரியாகிவிடும். வாந்தி நிற்காமல் தண்ணீரும் தங்கவில்லை, கண் மஞ்சளாகிறது, ஆள் மயங்குகிறார் என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேசரோலை விட்டுவிடச் சொல்லவில்லை. மிச்சத்தை இப்படித் தேற்றுவது நல்ல சமையல்காரரின் வேலை. வெந்த பாஸ்தாவை வடித்து, எண்ணெய் புரட்டி, அகலத் தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். குண்டானோடு வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். பொரியலுக்கும் இதே கணக்கு.

ஒயினுக்கு நான் வக்காலத்து வாங்கவும் இல்லை. 12 சதவீத ஒயின் 150 மில்லியில் ஏறத்தாழ 14 கிராம் ஆல்கஹால். பாட்டில் அறுநூறானாலும் ஆறாயிரமானாலும் அதுதான். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. குடித்தே தீருவேன் என்பவர் ஒரு கிளாஸோடு நிறுத்தட்டும். (தக்காளிப் புளிப்புக்கு நம் நீலத் திராட்சை இனிப்பு ஒயின் ஒட்டவே ஒட்டாது, அது வேறு விஷயம்.) மறுநாள் தலைவலிக்குக் கைபோன போக்கில் பாராசிட்டமால் விழுங்குவதும் வேண்டாம், இரண்டும் கல்லீரலுக்குத்தான் சுமை.

ஓஆர்எஸ் கரைத்து மடக்கு மடக்காகக் குடிக்கச் சொன்னேன். போனை வைக்கும் முன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மீதி பாதி ஃபிரிட்ஜில் இருக்கு மேடம். இன்னொரு தடவை நல்லா சூடு பண்ணினா..?"

ட்ரேயோடு தூக்கிப் போடச் சொன்னேன்.