குட்டை செர்ரி தக்காளியின் தண்டு ஏன் பாதியிலேயே நின்றுவிடுகிறது?

தொட்டியில் வைத்த செர்ரி தக்காளிச் செடி பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பூங்கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் நடுவில் எத்தனை இலை என்று எண்ணிப் பாருங்கள். உயரமாகப் போகும் ரகம் என்றால் கொத்து, மூன்று இலை, மறுபடி கொத்து, மூன்று இலை என்று போய்க்கொண்டே இருக்கும். குட்டை ரகத்தில் போகப் போக இலை குறையும். கடைசியில் நடுவில் இலையே இல்லாமல் இரண்டு கொத்து அடுத்தடுத்து வந்து, தண்டு அதோடு முடிந்துவிடும்.

தக்காளியின் தண்டு பார்க்கத்தான் ஒரே தண்டு. உண்மையில் அதன் நுனி பூங்கொத்தாக மாறி அங்கேயே நின்றுவிடுகிறது, அதை ஒட்டிய இலை இடுக்கில் இருக்கும் மொட்டுதான் கொத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு மேலே வளர்கிறது, அப்புறம் அதன் நுனியும் பூக்கிறது, இப்படியே தொடர்கிறது. இலைகளில் உருவாகும் ஃப்ளோரிஜென் என்ற புரதம் "பூத்துவிடு" என்கிறது. இன்னொரு மரபணு தரும் புரதம் "கொஞ்சம் பொறு" என்று அதைப் பிடித்து வைக்கிறது. குட்டை ரகங்களில் இந்த இரண்டாவது மரபணு பழுதாகியிருக்கும். 1914-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தானாகவே தோன்றிய மாற்றம் இது. பிடித்து வைக்க ஆள் இல்லாததால் கொத்துகள் நெருக்கமாக, ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருகின்றன, பழமும் ஒன்றாகப் பழுக்கிறது. செடி குட்டையாவதும் காய்ப்பு முந்துவதும் ஒரே காரணத்தால்தான். பழம் சிறியது என்பதால் பூ மலர்ந்து சுமார் 40 நாளில் சிவந்தும் விடும்.

மைக்ரோ டாம் போன்ற 15, 20 செ.மீ. செடிகளில் கூடுதலாக இன்னொரு குறை உண்டு. தண்டை நீளவைக்கும் பிராசினோஸ்டீராய்டு ஹார்மோன் அவற்றில் சரியாக உருவாகாது. இலை கரும்பச்சையாகச் சுருங்கியிருப்பது அதனால்தான், நோய் என்று பயப்பட வேண்டாம்.

சரி, வளர்ப்பவருக்கு இதில் என்ன? பக்கக் கிளைகளைக் கிள்ளாதீர்கள்! கிள்ளச் சொல்லும் அறிவுரை உயர ரகங்களுக்கானது. குட்டைச் செடிக்குத் தண்டு ஏற்கெனவே நின்றுவிட்டது, மிச்சக் காய்ப்பு முழுவதும் பக்கக் கிளையில்தான். முதல் தடவை நான் எல்லாவற்றையும் கிள்ளிவிட்டு, ஒரு கையளவு பழம்தான் பறித்தேன்.

வெயில் 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் மண்டும்.

பூவைக் கொஞ்சம் கவனியுங்கள். மகரந்தம் நடுவில் இருக்கும் மஞ்சள் குழலுக்குள் அடைந்து கிடக்கும், அதிர்ந்தால்தான் வெளியே கொட்டும். வெளியில் காற்றும் சில வகைத் தேனீக்களும் அதைச் செய்யும், காற்றோட்டம் இல்லாத பால்கனி என்றால் மதிய நேரத்தில் கொத்தின் காம்பை விரலால் இரண்டு சுண்டு சுண்டுங்கள், போதும். பகலில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டி இரவிலும் சூடு தணியாவிட்டால் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும், அப்போது சுண்டியும் பெரிய பயன் இருக்காது.

அதே வெக்கை நிறத்தையும் கெடுக்கும். சிவப்பு தரும் லைகோபீன் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாததால் பழம் ஆரஞ்சிலேயே நின்றுவிடும். அந்த மாதிரி நாட்களில் காயின் அடிப்பக்கம் லேசாக நிறம் மாறியதுமே பறித்து, வீட்டுக்குள் நிழலான இடத்தில் வைத்துவிடுங்கள். பழுக்கவைக்கும் எத்திலீனைப் பழமே சுரந்துகொள்ளும், சில நாளில் நன்றாகச் சிவந்துவிடும்.