ஆஃப் சீசனில் அந்தமான்: கடைசி இரவு எந்தத் தீவில்?

ஒரு ஜூன் மாதக் காலை ஐந்தரை மணிக்கு போன் அடித்தது. நான் அந்தமானுக்கு அனுப்பிவைத்திருந்த ஓர் ஆசிரியர், நீல் தீவின் படகுத்துறையிலிருந்து பேசினார். "சார், போட் இல்லைங்கறாங்க. கடல் சரியில்லையாம். எங்களுக்கு ரெண்டரை மணிக்கு ஃபிளைட்டு." அவர் குரலுக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம். சின்ன மகள் பிஸ்கட் கேட்டு அழுதுகொண்டிருந்தாள்.

அடுத்த இரண்டு நாளும் படகு ஓடவில்லை. ஐந்து பேருடைய விமான டிக்கெட்டும் போனது. காசு போனதைக்கூட அவர் பெரிதாகச் சொல்லவில்லை. கூட வந்திருந்த அவருடைய அம்மாவுக்கு எழுபது வயது. பிரஷர் மாத்திரையை ஆறு நாள் பயணத்துக்குச் சரியாக ஆறு எண்ணி எடுத்துப் போயிருந்தார்கள். ஏழாவது நாள் காலையில் வெறும் அட்டைதான் கையில் இருந்தது. தீவிலிருந்த சின்ன அரசு மருத்துவமனையில் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். அதுவரை அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தப் பயணத்திட்டத்தைப் போட்டுக் கொடுத்தவன் நான். கடைசி இரவை நீலில் வைத்தது என் தவறு. ஜனவரியில் அதே திட்டத்தில் எத்தனையோ குடும்பங்களை அனுப்பியிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. அதையே ஜூனுக்கும் எடுத்துப் போட்டேன். மதுரையில் பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆஃப் சீசன் திட்டத்தைத் தனியாக யோசித்துப் போட வேண்டும் என்பதை அந்தக் குடும்பம் பட்ட பாட்டில்தான் நான் முழுதாகக் கற்றேன். நீங்களே டிக்கெட் எடுத்துப் போனாலும் சரி, என் மாதிரி ஆள் மூலம் போனாலும் சரி, இதை ஒருமுறை படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

முதலில் ஒன்று. விலை குறைகிறது என்றால் ஏன் குறைகிறது என்று பாருங்கள். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று வானம், இன்னொன்று பள்ளிக்கூடம். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, வழக்கமாக மே மூன்றாவது வாரத்தையொட்டி அந்தமானை எட்டிவிடும். அங்கிருந்து செப்டம்பர் வரை மழை. அதன்பின் வடகிழக்குப் பருவமழையும் அந்தத் தீவுகளை விடாது. வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம் அது. சென்னையில் பெய்வதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஜூன், ஜூலையில் ஹோட்டல்காரர் பாதி விலைக்கு அறை தருகிறார் என்றால் அது வானத்தால் வந்த தள்ளுபடி.

பள்ளிக்கூடத்தால் வரும் தள்ளுபடி வேறு. குடியரசு தினக் கூட்டம் வடிந்தபின் மார்ச் நடுவரை கடல் குளம்போல இருக்கும், வானமும் தெளிவு. ஆனால் பரீட்சைக் காலம் என்பதால் பெரிய பிள்ளைகள் உள்ள வீடுகள் கிளம்ப மாட்டார்கள். டிசம்பர் கடைசி வார விலையோடு ஒப்பிட்டால் நன்றாகவே குறையும். உங்கள் பிள்ளைகள் எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்பு என்றால் நான்கு நாள் லீவு போட்டுவிட்டு இந்த நாட்களில் போய் வாருங்கள். என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று வந்துவிட்டால் பிறகு நினைத்தாலும் முடியாது.

காலாண்டு விடுமுறையில் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மழைக்குத் தயாராகப் போகலாம். ஆனால் துர்கா பூஜைத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தமானில் வங்காளிகள் அதிகம். கொல்கத்தாவிலிருந்து வருகிறவர்களும் அதிகம். பூஜை விடுமுறை நம் காலாண்டு விடுமுறையோடு சேர்ந்து வரும் வருடத்தில், ஆஃப் சீசன் என்று நம்பிப் போனவர் சீசன் விலை கொடுத்துவிட்டு வருவார்.

சரி, மழைக்காலத்தில்தான் லீவு கிடைக்கிறது, அப்போதுதான் போக முடியும் என்கிறீர்களா? போகலாம். மழையில் அந்தமான் மிக அழகு. காடு அத்தனை பச்சையாக இருக்கும், கூட்டம் இருக்காது. திட்டத்தை மட்டும் மாற்றிப் போட வேண்டும்.

நான் இப்போது போடுவது இப்படி. முதல் இரவு, விமானம் இறங்கும் ஊரான போர்ட் பிளேர். இரண்டாம் நாள் காலைப் படகில் ஹேவ்லாக் தீவு, அங்கே இரண்டு இரவு. பிறகு போர்ட் பிளேருக்குத் திரும்பிக் கடைசி இரண்டு இரவும் அங்கேயே. நீல் இல்லை. ஒவ்வொரு கடல் பயணமும் ரத்தாகக்கூடிய ஒரு படகு என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு தீவு என்றால் மூன்று படகு, ஒரு தீவு என்றால் இரண்டு. போகிற படகு ரத்தானால் ஹேவ்லாக்கைப் பார்க்காமல் வருவோம், அவ்வளவுதான். திரும்புகிற படகு ரத்தானால் விமானம் போய்விடும். அதனால்தான் திரும்பும் படகுக்கும் விமானத்துக்கும் நடுவே இரண்டு இரவு விடுகிறேன். ஒரு இரவாவது கட்டாயம்.

"கடைசி ரெண்டு நாள் போர்ட் பிளேர்ல சும்மா உக்காந்திருக்கவா?" என்று கேட்பார்கள். செல்லுலார் சிறையை மட்டும் அவசரமில்லாமல் பார்க்க அரை நாள் வேண்டும். ஏழு சிறகுகளாகக் கட்டப்பட்டு 1906இல் முடிந்த சிறை, இப்போது மூன்று சிறகுகள்தான் நிற்கின்றன. பிள்ளைகளை அந்தத் தனியறைகளில் ஒன்றில் நிற்கவைத்து இரண்டு நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். மானிடவியல் அருங்காட்சியகம், கடற்படையின் சமுத்ரிகா அருங்காட்சியகம், 1883இல் தொடங்கிய சாத்தம் மர ஆலை எல்லாம் மழை பெய்தாலும் பார்க்கக்கூடியவை. சாயங்காலம் கடைத்தெருப் பக்கம் நடந்தால் தமிழ் காதில் விழும். வயதானவர்களுக்கு இட்லி கிடைக்கும். அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், ஐந்தாம் நாள் அது பெரிய விஷயம்.

டிக்கெட்டில் ஊர்ப்பெயர் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் த்வீப், நீல் ஷஹீத் த்வீப். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். பேச்சில் எல்லோரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஹோட்டலிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: படகு ரத்தாகி நாங்கள் வர முடியாமல் போனால், தேதி மாற்றித் தருவீர்களா, பணம் திரும்ப வருமா? பதிலை வாட்ஸப்பிலோ மெயிலிலோ எழுதி வாங்குங்கள். கடல் நிலையால் படகு ரத்தானால் படகுக் கட்டணம் பொதுவாகத் திரும்பி வந்துவிடும். நஷ்டம் ஹோட்டலிலும் விமானத்திலும்தான். பயணக் காப்பீடு எடுப்பதாக இருந்தால், வானிலையால் விமானத்தைத் தவறவிட்டால் ஈடு உண்டா என்பதை பாலிசித் தாளில் தேடிப் படியுங்கள். விற்பவர் வாயால் சொல்வதை நம்பி எடுக்க வேண்டாம்.

ஹேவ்லாக்கில் எந்தக் கரையில் தங்குவது என்பதும் முக்கியம். எல்லோரும் படத்தில் பார்த்து ஆசைப்படுவது ராதாநகர் கடற்கரை. அது மேற்குக் கரை. தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து அடிக்கும் இடம். ஜனவரியில் குழந்தை உட்கார்ந்து மண்ணில் விளையாடும் அதே இடத்தில் ஜூலையில் ஆள் உயர அலை வரலாம். சூரியன் மறைவதைப் பார்க்கப் போங்கள், கரையில் நடங்கள். சிவப்புக் கொடி நட்டிருந்தால் முழங்கால் அளவுத் தண்ணீருக்கும் இறங்காதீர்கள். உயிர்காக்கும் பணியாளர் விசில் அடித்தால் அவரோடு வாதாட வேண்டாம். கரைக்கு வந்த தண்ணீர் மொத்தமாகக் கடலுக்குத் திரும்பும் இழுப்பில் சிக்கினால், நன்றாக நீந்தத் தெரிந்தவராலும் எதிர்த்து வர முடியாது. பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்டபின் கரையேற வேண்டும். பெரியவர்களுக்கே கஷ்டம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்று நம்பி விடவும் முடியாது.

கிழக்குக் கரையில் கோவிந்த நகர், விஜயநகர் பக்கம் அந்த மாதங்களில் தண்ணீர் அமைதியாக இருக்கும். மழைக்காலத்தில் என் குடும்பங்களுக்கு அங்கேதான் அறை போடுகிறேன். அங்கே ஓதம் இறங்கினால் கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். கல்லும் பவளமுமாகத் தரை தெரியும், இடையிடையே குட்டை. ஒருமுறை என் மகள் ஒரு குட்டையின் ஓரத்தில் ஒரு மணி நேரம் குந்தியிருந்தாள். உள்ளே விரல் நீளத்துக்கு நீல வால் மீன் ஒன்று, ஒரு துறவி நண்டு, அவ்வளவுதான். எழுப்பிக் கூட்டிவர முடியவில்லை. கால் கிழியாமல் இருக்க ரப்பர் செருப்பு போதாது, குதிகால் மூடிய ஷூ வேண்டும். அப்புறம், பவளத் துண்டு, சிப்பி எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். தடை செய்யப்பட்டது, விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். கடற்கரைகளில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் அது சும்மா வைத்தது இல்லை. அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. ஓடை கடலில் சேரும் இடங்களில் இறங்கவே கூடாது.

ஸ்கூபா ஆசை இருந்தால் பயணத்தின் தொடக்கத்தில் வையுங்கள். கடலுக்குள் முங்கி எழுந்த உடம்போடு உடனே விமானம் ஏறக்கூடாது. 24 மணி நேரம் இடைவெளி விட்டால் பாதுகாப்பு. கடைசி இரண்டு இரவு போர்ட் பிளேர் என்ற ஏற்பாட்டில் இதுவும் தானாகச் சரியாகிவிடும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வேண்டாம். ஆஸ்துமா இருப்பதை மறைத்துப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

படகு விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆபத்து மழைக்காலத்தில்தான் என்று நினைப்பது தப்பு. 2014 ஜனவரி 26, நல்ல சீசன். போர்ட் பிளேருக்கு அருகே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள். ஏற்ற வேண்டிய எண்ணிக்கையைவிட மிக அதிகமாக ஆட்களை ஏற்றியிருந்தார்கள். குட்டிப் படகில் ஏறுவதற்கு முன் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள், தலைகளை எண்ணுங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகு என்றால் ஏறாதீர்கள். இருந்தால் கையில் பிடித்துக்கொள்ளாமல் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பெரியவர்களுடைய ஜாக்கெட்டை மாட்டினால் தண்ணீரில் தலை வழியாகக் கழன்றுவிடும், குழந்தை அளவு கேளுங்கள். முன்பின் தெரியாத ஊரில், வரிசையில் நிற்கும்போது இறங்கிவிடக் கூச்சமாக இருக்கும். இறங்கிவிடுங்கள்.

2016 டிசம்பரிலும் சீசன் நேரத்தில்தான் புயல் சின்னம் உருவாகி, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கினார்கள். கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டு வந்தன. ஆகவே இரண்டு இரவு இடைவெளி என்பதை எந்த மாதத்திலும் யோசிக்கலாம். வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் போவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பாருங்கள். அந்தமான் கடலுக்கு மீனவர்கள் போக வேண்டாம் என்று வந்தால் படகுகளும் நிற்கக்கூடும் என்று தயாராகிக்கொள்ளுங்கள்.

பையில் போட வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தினசரி மாத்திரைகள் பயண நாட்களைவிட ஐந்து நாள் அதிகமாக, மருத்துவர் சீட்டோடு, கைப்பையில். படகில் குமட்டலுக்கான மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்கு எவ்வளவு என்று. படகு ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி முன்பே போட வேண்டும், குமட்டல் வந்தபின் போட்டு அதிகப் பயனில்லை. ரொக்கம் கொஞ்சம் வேண்டும். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020இல் போனபின் இணையம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நெட் நின்றுபோன ஒரு மழை நாளில் ஹேவ்லாக்கில் ஜி-பே வேலை செய்யாமல் ஒரு குடும்பம் பிரெட்டுக்குக் கடன் சொன்ன கதை எனக்குத் தெரியும். அங்கே ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும், சாயங்காலம் ஆறு மணிக்கு இருட்டு. பிள்ளைகளைச் சீக்கிரம் எழுப்பினால்தான் நாள் கிடைக்கும்.

ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு, தண்ணீரில் இறங்கிக் குளித்தே ஆக வேண்டும் என்கிற குடும்பங்களை நான் அந்தமானுக்கு அனுப்புவதே இல்லை. இலங்கையின் கிழக்குக் கரைக்குப் போகச் சொல்கிறேன். திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா. நடுவில் உள்ள மலைகள் தென்மேற்குக் காற்றை மறித்துவிடுவதால், கொழும்புப் பக்கம் கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் கிழக்கில் கடல் அமைதி. தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம்.

எல்லாம் செய்தும் படகு ரத்தானால்? முதல் போன் ஹோட்டலுக்கு, அறையைக் காலி செய்யவில்லை என்று சொல்ல. தாமதித்தால் அதே படகில் போகவிருந்த மற்றவர்கள் பிடித்துவிடுவார்கள். இரண்டாவது போன் விமானக் கம்பெனிக்கு. விமானம் புறப்படுவதற்கு முன்பே தேதி மாற்றக் கேட்டால் ஏதாவது மிஞ்சும், புறப்பட்டபின் கேட்டால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மூன்றாவதாக, ஒருவர் படகுத்துறைக் கவுண்டரிலேயே நின்று அடுத்த படகில் பெயர் பதிய வேண்டும். அம்மாவையும் பிள்ளைகளையும் அங்கே நிற்கவைக்காதீர்கள். அவர்களை அறைக்கு அனுப்பி, சூடாக ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள்.