"ஃப்ரெண்டுதான்" என்று இழுக்காதீர்கள்

நெஞ்சு அடைக்கிறது, மூச்சு முழுசாக இறங்கவில்லை, விடிகாலை மூன்று மணிக்கே முழிப்பு. ஈசிஜி, எக்கோ, டிஎம்டி என்று இதயப் பரிசோதனை எல்லாம் நார்மல். "சமீபத்தில் யாராவது தவறினார்களா?" என்று கேட்டால் "வீட்டில் யாரும் இல்லை டாக்டர்" என்று பதில் வரும். கூட வந்த மனைவிதான் மெல்ல ஆரம்பிப்பார்: "மூணு மாசத்துக்கு முன்னாடி ஒருத்தர் போயிட்டார்... இவரோட ஃப்ரெண்டுதான்." மனநல சிகிச்சை அறையில் இந்தத் 'தான்' கேட்காத வாரமே இல்லை. அலுத்துவிட்டது.

சொந்தக்காரர் செத்தால் துக்கத்துக்கு இடம் இருக்கிறது. தீட்டு, பதினாறாம் நாள் காரியம், துட்டி விசாரிக்க வருகிறவர்கள், ஆபீஸில் லீவு. நண்பருக்கு என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரி பில்லைக் கட்டி, ஃப்ரீசர் பாக்ஸுக்கும் ஷாமியானாவுக்கும் சொல்லி, மின்மயானத்தில் ஆதார் நகலோடு நின்றவர் அவர்தான். "பங்காளிங்க வாங்க" என்று குரல் கொடுக்கும்போது பந்தல் ஓரமாக ஒதுங்கிக்கொள்வார். மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஆபீஸ். அழ ஒரு நாள்கூடக் கிடைக்காது.

ரத்த உறவை வைத்து துக்கத்தை அளக்காதீர்கள். இருபது வருஷமாகத் தினம் ஒரு டீ, சம்பளம் ஏறினால் முதல் போன், வீட்டில் சொல்ல முடியாத கடன் கணக்கு. இத்தனையும் ஒரே நாளில் நின்றால் உடம்பு தாங்காது. தூரத்துப் பெரியப்பாவுக்கு மூன்று நாள் லீவு நியாயம், இவருக்கு ஒரு மணி நேரம்கூட அதிகம் என்றால் எப்படி? கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989லேயே இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். ஊர் ஏற்றுக்கொள்ளாத துக்கம் அது. வெளியே சொல்ல இடமில்லாததால் நெஞ்சுவலியாக வருகிறது. (முதல்முறை நெஞ்சுவலி வந்தால் உடனே ஈசிஜி எடுங்கள். இதயத்தில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்னபின் ஆஸ்பத்திரி மாற்றி மாற்றி அலையாதீர்கள்.)

தூக்கத்துக்கு மெடிக்கலில் அல்பிரசோலம் வாங்கிப் போடாதீர்கள். பழகிவிடும், திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். கூடவே மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும். வாட்ஸ்அப்பில் இறந்த நண்பரின் மெசேஜ்களை இன்னும் வைத்திருப்பது வியாதி இல்லை, அழிக்கச் சொல்லி நச்சரிக்காதீர்கள். அவர் வீட்டுக்குப் போய் பிள்ளைகளிடம் அப்பாவின் காலேஜ் கதைகளைச் சொல்லுங்கள். உங்களுக்கு மட்டுமே தெரிந்த கதைகள் அவை. அந்த வீடு அதற்காக ஏங்கிக்கொண்டிருக்கும்.

"இவ்வளவுதானா வாழ்க்கை, எதுக்கு ஓடறோம்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். வரட்டும். தத்துவம் பேசி அதன் வாயை அடைக்காதீர்கள். ஆனால் வேலையை விடுவது, நிலத்தை விற்பது, ஊர் மாறுவது எல்லாம் ஆறு மாதம் தள்ளி. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்; ஆறு மாதம் கழித்தும் அதே எண்ணம் நின்றால் அப்போது பார்க்கலாம். சின்னதற்குக் காத்திருக்க வேண்டாம். பிபி, சுகர் இந்த வாரமே பாருங்கள். பேச்சு நின்றுபோன இன்னொரு நண்பருக்கு இன்றைக்கே போன் போடுங்கள்.

ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் துளியும் குறையாமல், வேலையும் வீடும் ஓடவில்லை என்றால் வாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 இதை நீடித்த துக்கக் கோளாறு என்று வகைப்படுத்தியிருக்கிறது; சிகிச்சை உண்டு. "நானும் போயிடலாம்னு இருக்கு" என்று ஒரு வார்த்தை வந்தால் ஆறு நாள்கூடப் பொறுக்காதீர்கள். நண்பர் தற்கொலை செய்துகொண்டவர் என்றால் இன்னும் கவனம். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியாக விடாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104. இரண்டும் 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். திதி இறந்தவர் வீட்டார் கணக்கு. உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த நண்பரின் பிறந்தநாள்தான் கனக்கும். காலண்டரில் குறித்துவையுங்கள். அன்று அவர் லீவு போட்டால் ஏன் என்று கேட்க வேண்டாம்.